குதிரைக்கு ஏற்ற சேண விரிப்பைத் தேர்ந்தெடுப்பது: முதுகிலிருந்து தொடங்கும் முழுமையான வழிகாட்டி

சேண விரிப்பு வாங்கப் போகிறவர் பெரும்பாலும் நிறம், விலை, தடிமன் என்ற வரிசையில்தான் பார்க்கிறார். குதிரையின் முதுகு கேட்கும் வரிசை வேறு. முதலில் முதுகின் வடிவம், அடுத்து அதன்மேல் அமரும் சேணம், அதன் பிறகே இரண்டுக்கும் நடுவில் விரிக்கப்படும் துணி. இந்த வரிசை தலைகீழாகும்போதுதான், விலையுயர்ந்த விரிப்பைப் போட்ட பிறகும் குதிரை முதுகைக் குழித்துக்கொள்வதும், சேணத்தைக் கண்டதும் காதுகளைப் பின்னால் மடக்குவதும் நடக்கிறது. சவாரிப் பள்ளிகளில் ‘சேடில் பேட்’ என்றும், குதிரைகளைப் பராமரிக்கும் சாயிஸ்கள் ‘நம்தா’ என்றும் அழைக்கும் இந்த விரிப்பை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படி விரிப்பது, போட்டது பொருந்தியிருக்கிறதா என்பதை எப்படிச் சரிபார்ப்பது என்பவற்றை இந்த வழிகாட்டி படிப்படியாகச் சொல்கிறது.

இங்கே இரண்டு வகைக் குதிரைகளை அடிக்கடி எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். ஒன்று, பந்தய வாழ்க்கை முடிந்து சவாரிப் பள்ளிக்கு வந்து சேரும் தரோபிரெட் இனக் குதிரை. நம் நகரங்களின் சவாரிப் பள்ளிகளில் இவை நிறையவே இருக்கின்றன. மற்றொன்று, ஊட்டியிலும் கொடைக்கானலிலும் சுற்றுலாப் பயணிகளைச் சுமக்கும் உருண்டையான உடல் கொண்ட மலைக் குதிரை. இந்த இரண்டுக்கும் ஒரே விரிப்பு பொருந்தாது என்பது புரிந்துவிட்டால், மீதி வேலை எளிது.

விரிப்பு எதற்காக?

ஆங்கிலேய வகைச் சேணத்தின் அடியில் இரண்டு நீண்ட மெத்தைகள் இருக்கும். பேனல் எனப்படும் இவற்றுக்குள் கம்பளி இழையோ நுரைப்பொருளோ நிரப்பப்பட்டிருக்கும். சவாரி செய்பவரின் எடையைக் குதிரையின் முதுகில் பரப்புவது இந்த மெத்தைகளின் வேலை. ஆகவே, நன்றாகப் பொருந்திய ஆங்கிலேயச் சேணத்துக்கு அடியில் போடும் விரிப்பின் முதன்மையான கடமை வியர்வையும் அழுக்கும் சேணத்தின் தோலில் ஏறாமல் தடுப்பதும், குதிரையின் முடியோடு அந்தத் தோல் நேரடியாக உரசாமல் பார்த்துக்கொள்வதும்தான். மெல்லிய பருத்தி விரிப்பே இதற்குப் போதும்.

வெஸ்டர்ன் சேணத்தின் கதை வேறு. அமெரிக்க மாட்டுப் பண்ணைகளில் உருவான அந்தச் சேணத்துக்கு நிரப்பிய மெத்தை கிடையாது. அகலமான உள்சட்டத்தின் அடியில் ஆட்டுத்தோல் படலம் மட்டுமே ஒட்டப்பட்டிருக்கும். மெத்தையின் வேலையை அங்கே விரிப்புதான் செய்தாக வேண்டும் என்பதால், முக்கால் அங்குலம் முதல் ஓர் அங்குலம் வரை தடிமனுள்ள கம்பளி ஃபெல்ட் (நெய்யாமல் இழைகளை அழுத்திச் செய்த தடித்த துணி) அதற்கு வழக்கமாகியிருக்கிறது. அமெரிக்க ராணுவம் 1859இல் ஏற்றுக்கொண்ட மெக்கிலெல்லன் சேணத்துக்கும் இதே தேவை இருந்தது. குதிரைப்படை வீரர்கள் ஒரு கம்பளிப் போர்வையை ஆறு மடிப்பாக மடித்து அதன் அடியில் போட்டார்கள். வெயிலில் உலர்த்தலாம், இரவில் போர்த்திக்கொள்ளலாம் என்பதோடு, நேற்று முதுகில் பட்ட பகுதி இன்றும் படாதபடி மடிப்பை மாற்றிப் போடவும் முடிந்தது. இன்று கடைகளில் கிடைக்கும் பல ‘நவீன’ விரிப்புகள் இந்த மடித்த போர்வைக்கு ஈடாகாது என்பது என் கருத்து.

இதிலிருந்து வாங்குபவர் எடுத்துக்கொள்ள வேண்டிய விதி ஒன்றுதான். உங்கள் சேணம் எடையைத் தானே பரப்பும் வகையைச் சேர்ந்ததா, விரிப்பை நம்பி இருப்பதா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். வெஸ்டர்ன் விரிப்பை ஆங்கிலேயச் சேணத்தின் அடியில் திணிப்பதும், மெல்லிய பருத்தித் துணியோடு வெஸ்டர்ன் சேணத்தைக் கட்டுவதும் ஒரே அளவுக்குத் தவறு.

முதல் படி: முதுகைக் கையால் படித்தல்

குதிரையைச் சமதளமான, கெட்டியான தரையில் நான்கு கால்களும் சதுரமாக ஊன்றியபடி, தலையை அதன் இயல்பான உயரத்தில் வைத்து நிறுத்துங்கள். புல் மேய்ந்துகொண்டிருக்கும் குதிரையின் முதுகு வேறு வடிவத்தில் இருக்கும். அப்போது அளந்தால் அளவு பிழைபடும்.

கழுத்து முடியும் இடத்தில், இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே எழும் மேட்டை விதர்ஸ் என்பார்கள். முதுகெலும்புக் கண்ணிகளிலிருந்து மேல்நோக்கி நீளும் எலும்பு முனைகளால் ஆன இந்த மேட்டின் உச்சியில் தோலுக்கும் எலும்புக்கும் நடுவே சதை மிகக் குறைவு. சேணமோ விரிப்போ அழுத்தினால் முதலில் காயம் காண்பது இங்கேதான். தரோபிரெட் குதிரைக்கு இந்த மேடு பொதுவாக உயர்ந்தும் நீண்டும் இருக்கும். பந்தயத்தை விட்டு வந்த புதிதில் மேட்டின் இருபுறமும் தசை வற்றிக் குழிந்திருப்பதும் உண்டு. மலைக் குதிரைக்கோ மேடு இருக்கிறதா என்று தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். உயர்ந்த விதர்ஸ் உள்ள குதிரையின்மேல் விரிப்பு கீழே அழுத்தும். தட்டையான விதர்ஸ் உள்ள குதிரையின்மேல் விரிப்பும் சேணமும் பக்கவாட்டில் உருளும். பிரச்சினையே வேறு என்பதால் தீர்வும் வேறாகிறது.

அடுத்து, சேணம் எங்கிருந்து எங்கு வரை இருக்கலாம் என்பதைக் கண்டறியுங்கள். முன் எல்லை தோள்பட்டை எலும்பின் பின் விளிம்பு. குதிரை காலை முன்னே வீசும்போது அந்த எலும்பின் மேற்பகுதி பின்னோக்கிச் சுழலும் என்பதால், அதற்கு இரண்டு விரல் இடம் விட வேண்டும். பின் எல்லை கடைசி விலா எலும்பு. குதிரைக்குப் பொதுவாகப் பதினெட்டு ஜோடி விலா எலும்புகள் உண்டு. வயிற்றுப் பக்கத்தில் கடைசி விலாவை விரலால் கண்டு, அதன் வளைவைப் பின்தொடர்ந்து முதுகு வரை வாருங்கள். அந்த இடத்துக்குப் பின்னால் இருப்பது விலாவின் தாங்கல் இல்லாத இடுப்புப் பகுதி, அங்கே எடை இறங்கக் கூடாது. இரண்டு எல்லைகளையும் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொள்வது நல்லது.

பிறகு, முதுகெலும்பின் இருபுறமும் ஓடும் நீண்ட தசையின்மேல் விரல்களைத் தட்டையாக வைத்து, விதர்ஸிலிருந்து இடுப்பு வரை நிதானமாக, சீரான அழுத்தத்துடன் நகர்த்துங்கள். நகத்தால் குத்தினால் நலமான குதிரையும் நெளியும். எந்த இடத்தில் தசை துடிக்கிறது, எங்கே முதுகு தாழ்கிறது, எங்கே வால் சட்டென்று அடிக்கிறது என்பதைக் கவனியுங்கள். ஒரே இடத்தில் மூன்று முறையும் அதே எதிர்வினை வந்தால், விரிப்பு வாங்கும் யோசனையை ஒத்திவைத்துக் கால்நடை மருத்துவரை அழைப்பதுதான் முறை. பழுப்பு நிற முதுகில் தென்படும் வெள்ளை முடித் திட்டுகளையும் குறித்துக்கொள்ளுங்கள். நீடித்த அழுத்தத்தால் முடியின் வேர் சேதமடைந்த இடத்தில் முடி நிறமிழந்து வளரும். அது பழைய சேணத்தின் தவறாக இருக்கலாம் என்றாலும், இன்றைய சேணம் அதே இடத்தைத் தொடுகிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

இரண்டாம் படி: விரிப்பு இல்லாமல் சேணத்தை வைத்துப் பார்த்தல்

பலரும் தாண்டிச் செல்லும் படி இது. வெறும் முதுகில் சேணத்தைச் சற்று முன்னால் வைத்து, முடியின் போக்கிலேயே பின்னுக்கு இழுத்து, அது தானாக நிற்கும் இடத்தில் விடுங்கள். வயிற்று வாரை மிதமாகக் கட்டுங்கள். இப்போது சேணத்தின் முன் வளைவுக்கும் விதர்ஸுக்கும் நடுவே இரண்டு முதல் மூன்று விரல் இடைவெளி இருக்க வேண்டும். ஆள் ஏறி அமர்ந்ததும் சேணம் இறங்கும் என்பதால், ஒருவரை ஏறச் சொல்லி மீண்டும் பார்க்க வேண்டும். அப்போதும் விரல்கள் தாராளமாக நுழைய வேண்டும். மேலே மட்டும் இடைவெளி இருந்தால் போதாது, விதர்ஸின் இரு பக்கங்களிலும் இருக்க வேண்டும். இரண்டு பேனல்களுக்கும் நடுவே ஓடும் பள்ளம், முன்னிருந்து பின் வரை மூன்று நான்கு விரல் அகலத்துக்குக் குறையாமல், முதுகெலும்பை எங்கும் தொடாமல் இருக்கிறதா என்று பின்னாலிருந்து எட்டிப் பாருங்கள். அடுத்து, உள்ளங்கையை மேல்நோக்கி வைத்துப் பேனலின் அடியில் முன்னிருந்து பின்னாக நுழையுங்கள். அழுத்தம் எங்கும் ஒரே சீராக இருக்கிறதா, அல்லது முன்னும் பின்னும் அழுத்தி நடுவில் பாலம்போலத் தூக்கி நிற்கிறதா என்பது கைக்குத் தெரிந்துவிடும்.

இந்தச் சோதனையின் முடிவுதான் எந்த விரிப்பு என்பதைத் தீர்மானிக்கிறது.

சேணம் சரியாகப் பொருந்தினால் மெல்லிய விரிப்பு போதும். சேணம் சற்று அகலமாக இருந்து, முன்பக்கம் தாழ்ந்து விதர்ஸை நெருங்கினால், கம்பளி அல்லது ஆட்டுத்தோல் ஹாஃப் பேட் (பேனலின் அடியில் மட்டும் வரும் சிறு விரிப்பு) ஒன்றைத் தற்காலிகமாகச் சேர்க்கலாம். நடுவில் பாலம் போன்ற இடைவெளி சிறிதாக இருந்தால், நடுப்பகுதியில் மட்டும் மெத்தை செருகும் வசதியுள்ள விரிப்பு ஓரளவு உதவும். சேணம் குறுகலாக இருந்தால் எந்த விரிப்பும் உதவாது. கிள்ளிப் பிடிக்கும் உள்சட்டத்தின் அடியில் மேலும் ஒரு படலத்தைத் திணித்தால், பிடி இன்னும் இறுகும். ‘குதிரைக்கு வலிக்கிறது, அதனால் தடிமனான பேட் போட்டேன்’ என்று சொல்லப்படும் இடங்களில் பெரும்பாலும் நடந்திருப்பது இதுதான். அன்பினால் செய்த காரியம் என்றாலும், அதன் சுமையைத் தாங்குவது குதிரையின் தோள்தான். உள்சட்டம் முறுக்கியிருந்தாலோ விரிசல் விட்டிருந்தாலோ, சேணத்தையே மாற்ற வேண்டும்.

எடையையும் இந்த இடத்திலேயே கணக்கிட்டுவிடுங்கள். சவாரி செய்பவரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருப்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. 450 கிலோ தரோபிரெட்டுக்கு இது 90 கிலோ. 250 கிலோ மலைக் குதிரைக்கு 50 கிலோ, அதாவது சேணத்தின் எடை போக ஒரு சிறுவனோ சிறுமியோதான். கூடுதலான எடையை எந்த விரிப்பாலும் கரைத்துவிட முடியாது.

மூன்றாம் படி: வடிவமும் அளவும்

விரிப்பின் மேல் விளிம்பில், முதுகெலும்பின் நெடுகிலும் ஓடும் தையலைப் பாருங்கள். மலிவான விரிப்புகளில் இந்தத் தையல் அளவுகோல் வைத்ததுபோல் நேராக இருக்கும். குதிரையின் முதுகு அப்படி இல்லை. விதர்ஸில் எழுந்து, நடுவில் தாழ்ந்து, பின்னால் மெல்ல உயர்கிறது. நேராகத் தைத்த விரிப்பு உயர்ந்த விதர்ஸின் குறுக்கே இழுபட்டு, சவாரி நீள நீளக் கீழே இறங்கி, எலும்பு முனைகளின்மேல் கயிறுபோல் இறுகும். தரோபிரெட்டுக்கும் மார்வாரி இனக் குதிரைக்கும் முன்பக்கம் உயர்த்தி வளைத்துத் தைத்த விரிப்புதான் வேண்டும். தட்டையான முதுகுள்ள மலைக் குதிரைக்கு நேரான தையலால் பெரிய கெடுதல் இல்லை. அங்கே தேவைப்படுவது வழுக்காத அடிப்பரப்பு.

கடையில் இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. விரிப்பை ஒரு கைப்பிடிச் சுவரின்மேல் போடாமல், நடுத் தையலின் முன் நுனியையும் பின் நுனியையும் இரு கைகளால் பிடித்துத் தொங்கவிட்டுப் பாருங்கள். வளைத்துத் தைத்த விரிப்பு தானாக முன்பக்கம் கூடாரம்போல் எழும்பும். நேரான விரிப்பு தளர்ந்து சுருக்கம் விழுந்து தொங்கும்.

விரிப்பின் வெட்டு, சேணத்தின் பக்கவாட்டுத் தோல் மடலோடு ஒத்துப்போக வேண்டும். டிரெஸாஜ் எனப்படும் நுணுக்கமான நடைப் பயிற்சிக்கான சேணத்துக்கு மடல் நீளமாகவும் நேராகவும் இறங்கும். தாண்டுதலுக்கான சேணத்துக்கு மடல் முன்னோக்கி வளைந்திருக்கும். பொதுப் பயன்பாட்டுச் சேணம் இரண்டுக்கும் நடுவில் இருக்கும். சதுர விரிப்பா, சேணத்தின் உருவத்திலேயே வெட்டிய நம்னாவா என்பது பெரிதும் விருப்பத்தைப் பொறுத்தது. ஆனால் நம்னாவுக்கு அளவு மிகத் துல்லியமாக இருக்க வேண்டும்.

ஃபுல், காப், போனி என்று அச்சிட்ட அளவுகள் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறுபடும். ஆகவே நூலை எடுத்து நீங்களே அளந்துகொள்வது நல்லது. சேணத்தின் முன் நுனியிலிருந்து பின் நுனி வரை நடுக்கோட்டின் நீளம் ஓர் அளவு. நடுக்கோட்டிலிருந்து மடலின் கீழ் விளிம்பு வரையுள்ள இறக்கம் இன்னோர் அளவு. இரண்டிலும் ஆங்கிலேயச் சேணத்துக்கு எல்லாப் பக்கமும் குறைந்தது இரண்டு மூன்று சென்டிமீட்டர் கூடுதலாக இருக்கட்டும். வெஸ்டர்ன் சேணத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு அங்குலம் வரை வேண்டும். காரணம், விரிப்பின் ஓரத்தில் நாடா வைத்துத் தைத்த தடித்த கரை எந்த நிலையிலும் பேனலின் அடியில் அகப்படக் கூடாது. அகப்பட்டால் அரை மணி நேரத்தில் முதுகில் அதன் கோடு பதிந்துவிடும். குறிப்பாகப் பேனலின் பின் நுனியின் கீழ் இது நடக்கிறதா என்று பாருங்கள்.

நான்காம் படி: பொருள்

பருத்தி: விலை குறைவு, துவைக்க எளிது, வியர்வையை உறிஞ்சும். ஒருமுறை முழுக்க நனைந்தால் துவண்டுவிடும் என்பதுதான் இதன் குறை. சென்னை போன்ற கடலோர ஈரப்பதத்தில் காலைச் சவாரியில் நனைந்த குவில்ட் (இரு துணிகளுக்கு நடுவே பஞ்சு வைத்துத் தைத்த) விரிப்பு மாலைக்குள் காயாமல் போவதும் உண்டு. அடிப்பக்கத்துத் துணியை உங்கள் உள் முன்கையில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். நூல் முடிச்சுகளோ குவில்ட் தையலின் மேடுகளோ தோலில் உறுத்தினால், மெல்லிய தோலுள்ள தரோபிரெட்டுக்கும் உறுத்தும். அடர்நிற விரிப்பானால், நனைத்த வெள்ளைத் துணியால் தேய்த்துச் சாயம் இறங்குகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

கம்பளி ஃபெல்ட்: என் தேர்வு இதுதான். கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்வாங்கியும் ஈரமாக உணரப்படாது. அழுத்தினால் அமுங்கி, விட்டால் மீளும். பக்கவாட்டு உரசலையும் தாங்கிக்கொள்ளும். செயற்கை இழை கலந்த ஃபெல்ட்டைக் கம்பளி என்று விற்பதும் நடக்கிறது. ஓரத்திலிருந்து ஓரிரு இழையைப் பிய்த்து, காற்றில்லாத பாதுகாப்பான இடத்தில் தீயில் காட்டினால், கம்பளி முடி கருகும் நாற்றத்துடன் பொடியும் சாம்பலாகும். செயற்கை இழை உருகிக் கெட்டி மணியாக உறையும்.

ஆட்டுத்தோல்: இழைகள் நிமிர்ந்து நிற்பதால் காற்றோட்டமும் எடைப் பரவலும் நன்றாக இருக்கும். விலை அதிகம், பராமரிப்பும் அதிகம். ஆட்டுத்தோலைப்போல் செயற்கை இழையில் செய்த போலி ஃப்ளீஸ் சில வாரங்களிலேயே உருண்டு திரண்டு கட்டியாகிவிடும். இரண்டிலும் நம் ஊருக்கே உரிய ஒரு தொல்லை உண்டு. மழை முடிந்த மாதங்களில் வெளிக்காட்டில் சவாரி போய் வந்தால், நாயுருவி விதையும் ஒட்டுப்புல்லும் இழைகளுக்குள் புதைந்துகொள்ளும். மேலே தடவினால் தெரியாது. இழைகளை விரலால் பிரித்து வேர்வரை பார்க்க வேண்டும்.

நுரைப்பொருள்: வாங்கும் முன் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே வைத்து வலுவாக நசுக்குங்கள். மறுபக்க விரல் எலும்பை உணர முடிந்தால், ஓர் ஆளின் எடைக்குக் கீழே அந்தப் பொருள் இல்லாததற்குச் சமம். விளம்பரங்களில் மிகவும் புகழப்படும் மென்மையான மெமரி ஃபோம் பலவும் இந்தச் சோதனையில் தோற்கின்றன.

ஜெல்லும் நியோபிரீனும்: வழுக்காது, கழுவ எளிது. ஆனால் வியர்வையை உறிஞ்சாது, காற்றை விடாது. ஊட்டியின் குளிரில் குறுகிய சவாரிக்கு இவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம். மே மாதத்துச் சென்னையிலோ மதுரையிலோ முதுகில் ரப்பர் போர்த்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். உருளையான உடல் காரணமாக வழுக்காத பரப்பு அவசியமே என்றால், முழு நியோபிரீன் விரிப்புக்கு மாற்றாக, முடியைத் தொடும் பக்கம் கம்பளியாகவும் சேணத்தைத் தொடும் பக்கம் மட்டும் பிடிமானம் உள்ளதாகவும் இருக்கும் விரிப்பைத் தேடுங்கள்.

உலகின் பல நாடுகளுக்குச் சேணப் பொருள்களை ஏற்றுமதி செய்யும் கான்பூர் நம் நாட்டில்தான் இருக்கிறது என்பதால், நல்ல விரிப்புக்கு வெளிநாட்டு முத்திரையைத் தேட வேண்டிய கட்டாயம் இல்லை. தையலையும் இழையையும் பார்த்து வாங்கினால் போதும்.

ஐந்தாம் படி: ஹாஃப் பேடும் செருகு மெத்தைகளும்

ஹாஃப் பேட் என்பது பேனலின் அடியில் மட்டும் வரும், மடல்வரை இறங்காத விரிப்பு. சிலவற்றில் நான்கு அல்லது ஆறு பைகள் தைத்து, அவற்றுள் மெல்லிய ஃபெல்ட் துண்டுகளைச் செருகும் வசதி இருக்கும். பந்தயத்திலிருந்து வந்த குதிரைக்கு இது உண்மையிலேயே பயன்படும் கருவி. பயிற்சியும் தீவனமும் சீரடையும்போது மாதக் கணக்கில் அதன் முதுகுத் தசை வளர்ந்து வடிவம் மாறும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் புதுச் சேணம் வாங்க முடியாது. சற்று அகலமான சேணத்தை வைத்துக்கொண்டு, தொடக்கத்தில் முன்பைகளில் துண்டுகளைச் செருகி, தசை நிரம்ப நிரம்ப ஒவ்வொன்றாக எடுத்துவிடலாம்.

துண்டை எங்கே வைத்தாலும் சேணத்தின் சமநிலை மாறும் என்பதை மறக்கக் கூடாது. முன்னால் உயர்த்தினால் சவாரி செய்பவர் பின்னுக்குச் சரிந்து, எடை கடைசி விலாவை நோக்கிப் போகும். பின்னால் உயர்த்தினால் அவர் முன்னே தள்ளப்பட்டு, எடை தோளில் விழும். பக்கவாட்டிலிருந்து பார்க்கையில் சேணத்தின் மிகத் தாழ்ந்த இடம் இருக்கையின் நடுவில் வர வேண்டும். ஒரு தோள் பெருத்தும் மறுதோள் வற்றியும் உள்ள குதிரைக்கு வற்றிய பக்கம் மட்டும் மெல்லிய துண்டு வைக்கலாம். எந்த மாற்றம் செய்தாலும் இரண்டாம் படியின் விரல் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். விரிப்பின்மேல் விரிப்பாக மூன்று அடுக்குக்குப் போனால், சேணம் முதுகிலிருந்து உயர்ந்து உருளத் தொடங்கும். அதைத் தடுக்க வயிற்று வாரை இறுக்குவார்கள், இறுக்கினால் குதிரையின் மூச்சும் நடையும் கெடும்.

ஆறாம் படி: விரிக்கும் முறை

முதுகைத் தூரிகையால் சுத்தம் செய்த பிறகு, விரிப்பை விதர்ஸுக்குச் சற்று முன்னால் வைத்து, முடியின் போக்கில் பின்னுக்கு இழுங்கள். பின்னால் போய்விட்டால் முன்னுக்குத் தள்ளாதீர்கள், தூக்கி மறுபடி முதலிலிருந்து வையுங்கள். முடிக்கு எதிராகத் தள்ளினால் முடி மடங்கி உள்ளே நிற்கும். சேணத்தை வைத்ததும், விரிப்பின் முன்பகுதியைச் சேணத்தின் முன் வளைவுக்குள் மேலே இழுத்து விதர்ஸின்மேல் காற்று நுழையும் வழியை உண்டாக்குங்கள். பின்னாலும் அப்படியே. சவாரி முழுவதற்கும் முக்கியமான செயல் இது ஒன்றுதான் என்று சொன்னாலும் மிகையில்லை.

விரிப்பின் பக்கவாட்டு நாடாக்களுக்குள் சேணத்தின் வார்களை நுழைத்து, வயிற்று வாரை ஒரே இழுப்பில் இறுக்காமல் துளை துளையாக ஏற்றுங்கள். நாடாக்கள் தவறான உயரத்தில் தைக்கப்பட்டிருந்தால், வாரை இறுக்கும்போது அவை விரிப்பைக் கீழே இழுத்து, நீங்கள் உண்டாக்கிய காற்று வழியை மூடிவிடும். அப்படியானால் நாடாவைப் பயன்படுத்தாமல் விடுவதோ வெட்டி மாற்றித் தைப்பதோ நல்லது. வார் கட்டிய பின் குதிரையின் முன்னங்கால்களை ஒவ்வொன்றாக முன்னே நீட்டி இழுத்தால், வாருக்கு அடியில் சுருங்கிய தோல் சீராகும். ஏறி அமர்ந்து பத்து நிமிடம் நடத்திய பிறகு, குனிந்து விதர்ஸின்மேல் விரலை விட்டு, காற்று வழி இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஏழாம் படி: சவாரிக்குப் பின் முதுகைப் பார்த்தல்

நடை, ட்ராட் (துள்ளுநடை), கேன்டர் (மிதமான பாய்ச்சல்) மூன்றும் கலந்த அரை மணி அல்லது முக்கால் மணி நேரச் சவாரிக்குப் பிறகு, சேணத்தையும் விரிப்பையும் பக்கவாட்டில் இழுக்காமல் நேராக மேலே தூக்குங்கள். நன்றாகப் பொருந்திய விரிப்பு முதுகெலும்பின் நெடுகிலும் உலர்ந்த அல்லது ஈரம் குறைந்த ஒரு கோட்டையும், அதன் இருபுறமும் ஒன்றுக்கொன்று ஒத்த ஈரத் திட்டுகளையும் விட்டுச் செல்லும். ஈரத்தின் நடுவே உள்ளங்கை அளவு உலர்ந்த இடம் தெரிந்தால் கவனிக்க வேண்டும். கடும் அழுத்தத்தில் ரத்த ஓட்டமும் வியர்வைச் சுரப்பும் தடைபட்டு அப்படி ஆகலாம். பேனல் அந்த இடத்தைத் தொடாமலே இருந்து வியர்வை காற்றில் உலர்ந்திருக்கவும் கூடும். முடி படிந்து அழுந்திக் கிடந்தால் முதலாவது காரணத்தையும், முடி இயல்பாக நிமிர்ந்திருந்தால் இரண்டாவதையும் சந்தேகிக்கலாம். முடி சுழன்று கலைந்திருந்தால் விரிப்பு அங்கே நகர்ந்து உரசுகிறது.

நம் வெப்பத்தில் இந்தச் சோதனை அவ்வளவு நேராக நடப்பதில்லை. ஏப்ரல் வெயிலில் குதிரை காதுமுதல் தொடைவரை சொட்டச் சொட்ட வியர்த்திருக்கும்போது, எல்லா இடமும் ஒன்றுபோல் நனைந்துதான் தெரியும். ஆகவே விடியற்காலையில், இதமான வேலைக்குப் பிறகு பாருங்கள். இல்லையேல், சுத்தமான வெள்ளைப் பருத்தி விரிப்பைச் சற்றுத் தூசி படிந்த முதுகில் போட்டுச் சவாரி செய்து, விரிப்பின் அடியில் பதிந்த அழுக்கைப் பாருங்கள். அழுத்தம் கூடிய இடத்தில் அழுக்கு கருத்தும், தொடாத இடம் வெளுத்தும் இருக்கும். இன்னொரு சிக்கலும் உண்டு. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த இடங்களில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுபோகும். கடும் வெயிலில் வேலை செய்தும் உடல் முழுக்க உலர்ந்து, மூச்சு மட்டும் வேகமாக வாங்கினால், அது விரிப்பின் நலத்தைக் காட்டும் அடையாளம் அல்ல. உடனே வேலையை நிறுத்திக் குதிரையைக் குளிர்வித்து மருத்துவரிடம் காட்ட வேண்டிய நோய்.

சேணம் இறக்கிய அரை மணி நேரத்துக்குப் பின் மறுபடி ஒருமுறை முதுகைத் தடவிப் பாருங்கள். அழுத்தத்தில் இருந்த தோலுக்கு ரத்தம் திரும்பிய பிறகே வீக்கமும் சூடும் தலைகாட்டும். சேணத்தோடு கண்ணுக்குத் தெரியாத கட்டி அப்போது விரலுக்குத் தட்டுப்படும். மறுநாள் காலை முதல் படியின் விரல் சோதனையைச் செய்து, வலி தெரிகிறதா என்று ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

புண் ஏற்கெனவே வந்துவிட்டால், புண்ணின் அளவுக்கு விரிப்பில் ஓட்டை வெட்டி, அதன்மேலேயே சேணம் கட்டும் பழக்கம் சுற்றுலாக் குதிரைகளிடம் இன்றும் காணப்படுகிறது. ஓட்டையின் நடுவில் அழுத்தம் இல்லைதான். ஆனால் அந்த அழுத்தம் ஓட்டையின் விளிம்பைச் சுற்றிக் கூடிவிடுவதால், புண்ணின் ஓரம் ஆறாமல் அகலும். ஆறும்வரை சேணம் கட்டாமல் இருப்பதைத் தவிர வேறு வழி இல்லை. அன்றன்றைய வருமானத்தை நம்பும் குதிரைக்காரருக்கு இது எவ்வளவு கடினம் என்பது புரிந்தே சொல்கிறேன்.

பராமரிப்பும் மாற்ற வேண்டிய நேரமும்

ஒவ்வொரு குதிரைக்கும் தனி விரிப்பு இருக்க வேண்டும். படர்தாமரைப் பூஞ்சையும், மழைக்காலத்தில் முடி கொத்துக் கொத்தாக உதிரச் செய்யும் பாக்டீரியாத் தொற்றும் விரிப்பின் வழியாக ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எளிதில் பரவும். தினமும் வேலை செய்யும் குதிரைக்கு மாற்றி மாற்றிப் போட மூன்று பருத்தி விரிப்புகள் தேவைப்படும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை இன்னும் ஒன்றிரண்டு கூடுதலாக வைத்துக்கொள்வது நல்லது.

சவாரி முடிந்ததும் விரிப்பை அடிப்பக்கம் மேலாகத் திருப்பிக் கொடியில் போட்டு, காய்ந்த பின் முடியையும் உப்புப் படிவத்தையும் கெட்டித் தூரிகையால் உதறுங்கள். நனைந்த விரிப்பைச் சேணத்தின்மேல் கவிழ்த்துப் போட்டு வைப்பது சேணத்தின் தோலுக்குக் கேடு. பருத்தியை மிதமான சலவைத்தூளில் துவைத்து, நுரை முற்றிலும் போகும்வரை அலசுங்கள். தங்கிய சோப்பு அடுத்த வியர்வையில் கரைந்து தோலை அரிக்கும். மணமூட்டும் மென்மைத் திரவங்கள் வேண்டாம், இழையின் உறிஞ்சும் தன்மையை அவை குறைத்துவிடும். கம்பளி ஃபெல்ட்டைக் குளிர்ந்த நீரில் மட்டும் அலசி, முறுக்காமல் தட்டையாக நிழலில் உலர்த்த வேண்டும். வெந்நீர் பட்டால் சுருங்கித் தடித்துவிடும். ஆட்டுத்தோலுக்கு அதற்கென்று விற்கும் கம்பளிச் சோப்பே ஏற்றது. தோல் பக்கம் வெயிலில் காய்ந்தால் அட்டைபோல் விறைத்து வெடிக்கும்.

மாதம் ஒருமுறை விரிப்பைத் தரையில் விரித்து, கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கைகளாலும் அடிப்பக்கம் முழுவதையும் தடவுங்கள். பேனலின் அடியில் வரும் இடம் மற்ற இடத்தைவிட மெலிந்திருந்தாலோ, உள்ளே பஞ்சு திரண்டு கட்டியாகியிருந்தாலோ, ஓர நாடா விறைத்துச் சுருண்டிருந்தாலோ அந்த விரிப்பை மாற்றும் நேரம் வந்துவிட்டது. மேல்பக்கம் புதிதுபோலவே பளிச்சென்று இருக்கலாம், அதைப் பொருட்படுத்த வேண்டாம். கழித்த கம்பளி ஃபெல்ட்டின் கெடாத ஓரப் பகுதிகளைக் கையகலத் துண்டுகளாக வெட்டிச் சலவை செய்து வைத்துக்கொண்டால், ஐந்தாம் படியில் சொன்ன செருகு மெத்தைகளாக அவை நெடுநாள் பயன்படும்.